சங்கத்துத் தண்ணீர் எத்தனை வருடம் வரும்? மலையக லயங்களின் சமூகக் குடிநீர்ச் சேவை பற்றிய மதிப்பீடு

இலங்கை மலையகத்தில் ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புக்கு, குடிநீர் வர இன்று மூன்று வழி இருக்கிறது. மலையிடுக்கில் மூங்கிலோ தகரமோ செருகிவிட்ட பழைய பீலி ஒன்று. தோட்ட நிர்வாகம் இழுத்துவிட்ட குழாய் இன்னொன்று. மூன்றாவது, குடியிருப்பாளர்களே சங்கம் கட்டி, அங்கத்துவப் பணம் சேர்த்து, ஊற்றிலிருந்து தண்ணீரை இறக்கித் தாங்களே நடத்தும் குழாய்த் திட்டம். இந்த மூன்றாவது சேவையைத்தான் இங்கே எடைபோடுகிறோம். திறப்பு விழா மாதத்தில் எல்லாத் திட்டமும் நன்றாகவே ஓடும். எங்கள் அக்கறை பத்தாவது வருடத்தைப் பற்றியது. அப்போதும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கடைசி லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் விழுமா?

விழும், மூன்று விஷயம் சரியாக இருந்தால். வரட்சியிலும் ஊற்று போதுமானதாக இருக்க வேண்டும். தொட்டிகளில் படியும் மண்ணை அள்ளுவதற்குச் சம்பளம் வாங்கும் ஒருவர் இருக்க வேண்டும். ஊற்றுக்கு மேலே குடியிருப்பவர்களுக்கும் திட்டத்தில் ஒரு பங்கு கிடைக்க வேண்டும். முதலிரண்டைப் பற்றிப் பேசாத சங்கக் கூட்டம் இல்லை. மூன்றாவதைப் பேசுபவர் குறைவு. திட்டங்களை உள்ளிருந்து அரிப்பது அதுதான் என்பது எங்கள் கணிப்பு. அதை விளக்க வங்காள விரிகுடாவின் வடக்குக் கரைவரை போய்வர வேண்டியிருக்கிறது. முதலில் நம் மலைக்கு வருவோம்.

இலங்கையில் கிராமக் குடிநீரைச் சமூக அமைப்பின் கையில் ஒப்படைக்கும் முறை உலக வங்கியின் உதவியோடு 1993-இல் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் பெரிய அளவில் தொடங்கியது. இத்தகைய சங்கங்களைக் கவனிப்பதற்கென்றே 2014-இல் தேசிய சமூக நீர்வழங்கல் திணைக்களம் அமைக்கப்பட்டது. கிராமத்தில் இந்த முறை வேரூன்றிய அளவுக்குத் தோட்டத்தில் வேரூன்றவில்லை. அதற்கு நிலம்தான் காரணம். கிராமத்தில் ஊற்று யாருடைய காணியில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அவரோடு பேசலாம், எழுதி வாங்கலாம். தோட்டத்தில் நிலம் அரசுக்குச் சொந்தம், 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம், குடியிருப்பது தொழிலாளர். ஊற்றைப் பாவிக்கும் உரிமையைச் சங்கத்துக்குத் தருவது யார்? அநேகமான இடங்களில் அது அன்றைய துரை, அதாவது தோட்ட முகாமையாளர், வாய்வார்த்தையாகக் கொடுத்த அனுமதி. அவர் மாற்றலாகிப் போனால் அனுமதியும் அவரோடு போய்விடும். புதிதாக வருபவர் அந்த மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கி மீள்நடுகை செய்தால் குழாய் எங்கே ஓடுகிறது என்று காட்டுவதற்கு ஒரு வரைபடம்கூட இருக்காது.

ஆகவே அங்கத்துவப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எழுத்தில் என்ன இருக்கிறது என்பதே. ஊற்று இருக்கும் மலையின் இலக்கம், குழாய் செல்லும் பாதை, பாதைக்கு இருபுறமும் முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறவோ குழி வெட்டவோ கூடாத அகலம், இவ்வளவும் ஒரு கடிதத்திலும் வரைபடத்திலும் இருந்து, அதன் பிரதி பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் இருந்தால் அந்தச் சங்கத்தை நம்பலாம்.

இரண்டாவது கேள்வி, ஊற்றை எந்த மாதத்தில் அளந்தீர்கள்? ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் பெப்ரவரி, மார்ச்சில் அளந்திருக்க வேண்டும். ஊவாப் பக்கம், அதாவது பதுளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தையில் ஓகஸ்ட், செப்டெம்பர். மழைக்காலத்தில் அளந்து திட்டம் போட்டவர்கள் முதல் வரட்சியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

அளக்கும் முறை எளிது. ஊற்று நீர் முழுவதையும் ஒரு குழாய்வழியே விழச்செய்து, 20 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் என்று ஐந்து தடவை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். 36 செக்கனில் நிரம்பினால் நாளொன்றுக்கு 48,000 லீற்றர். 90 குடும்பம், 400 பேர், ஆளுக்கு 80 லீற்றர் என்று வைத்தால் தேவை 32,000. ஒழுக்குக்காகக் கால்வாசி கூட்டினால் 40,000. மிச்சம் 8,000 லீற்றர் ஓடையிலேயே போக விட வேண்டும். கீழே அந்த ஓடையில் பீலி வைத்திருப்பவர்களுக்கு அது உரியது. அதே வாளி நிரம்ப 54 செக்கன் எடுத்தால் நாளுக்கு 32,000தான் வரும். ஒழுக்குக்கும் இடமில்லை, ஓடைக்கும் இல்லை. அந்த ஊற்றை நம்பி 90 குடும்பத்திடம் பணம் சேர்ப்பது பிழை.

தாங்கியின் அளவில் மிச்சம் பிடிக்கப் போய்ப் பலர் ஏமாறுகிறார்கள். லயத்தில் தண்ணீர்ப் பாவனை நாள் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. வேலைக்குப் புறப்படுமுன், ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் நாளின் பாவனையில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது என்று கணக்கிடுங்கள்: 12,800 லீற்றர். அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஊற்று தருவது 4,000. மிகுதி 8,800 இரவே தாங்கியில் நிறைந்து நிற்க வேண்டும். 10,000 லீற்றருக்குக் குறைந்த தாங்கி இந்த லயங்களுக்குப் போதாது. 15,000 இருந்தால் நிம்மதி. 5,000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கியை வைத்துவிட்டு, தண்ணீர் போதவில்லை என்று ஊற்றைக் குறைசொல்லும் சங்கங்கள் உண்டு. ஊற்று இரவெல்லாம் கொடுத்த தண்ணீர் வழிந்து கானில் (வடிகாலில்) ஓடியிருக்கும்.

அடுத்தது அழுத்தம். மலையில் இதுவே பெரிய எதிரி. பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஒரு பார் அழுத்தம் ஏறுகிறது. டைப் 600 என்று அச்சிட்ட பிவிசி குழாய் 60 மீற்றர் இறக்கம்வரைதான் தாங்கும், டைப் 1000 நூறு மீற்றர்வரை. ஊற்றுக்கும் அடிலயத்துக்கும் 170 மீற்றர் இறக்கம் என்றால் டைப் 600 குழாய்க்கு நடுவே இரண்டு அழுத்தம் குறைக்கும் தொட்டியாவது கட்டாயம் வேண்டும். ஒவ்வொன்றிலும் தண்ணீர் திறந்த வெளியில் விழுந்து, அழுத்தம் பூச்சியமாகி, மறுபடி இறங்கத் தொடங்கும். தொட்டிக்குள் ஒரு மிதவை வால்வு, வழிவதற்கு ஒரு குழாய், மேலே கொங்கிறீற் மூடி. சிமெந்து வேலை ஒரு கிழமையில் முடிந்துவிடும்.

அந்தத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கிட்ட நின்று பார்த்தால் திட்டத்தின் ஆயுள் தெரியும். மிதவையின் தண்டு செம்பு நிறத்தில் அசைய வேண்டும். அதில் பாசியும் மணலும் படிந்து பாதியில் இறுகி நின்றால் வால்வு மூடாது. இரவில் எல்லோரும் குழாயை மூடியபின் தண்ணீர் தொட்டியிலிருந்து வழிந்துகொண்டே இருக்கும், மேல்தாங்கி விடியுமுன் காலியாகும். காலையில் அடிலயத்தில் காற்றுச் சத்தம். உடனே யாராவது ஒருவர் மிதவையைக் கழற்றிவிட்டு உள்வரும் குழாயையும் வெளிச்செல்லும் குழாயையும் நேராக இணைத்துவிடுவார். அன்று தண்ணீர் நன்றாக வரும். இரவில் குழாய்கள் மூடியிருக்கும்போது தொட்டிகளைத் தாண்டி முழு உயரத்தின் அழுத்தமும் அடியில் வந்து அமரும். எல்லாத் தொட்டியையும் இப்படி இணைத்துவிட்டால் 17 பார். குழாய் எப்போதும் நடுநிசியில் வெடிப்பதற்குக் காரணம் இதுதான். வெடிப்பது தொட்டி இருக்கும் இடத்தில் அல்ல, கீழே பசை ஒட்டிய ஏதோ ஒரு மூட்டில். ஆகையால் பழுது பார்க்கப் போகிறவர்கள் காரணத்தைக் காண மாட்டார்கள். மூட்டை ஒட்டிவிட்டு வருவார்கள், அடுத்த மாதம் இன்னொரு மூட்டு. மிதவைத் தண்டில் படிந்த மணலைத் துடைக்காததற்காக நூறு மீற்றர் குழாயை மாற்றுவது இப்படித்தான்.

வழியும் குழாயைக் கானில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். தொட்டி வழிந்து மலைச்சரிவு ஊறுவதை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தை மண்சரிவில் லயங்களோடு மனிதர்கள் புதைந்த மண்ணில் வாழ்கிறோம். சரிவுக்குள் தேவையில்லாமல் இறங்கும் ஒவ்வொரு லீற்றரும் பாரம்தான்.

இனி மண். குழாயடித் தண்ணீர் கலங்கிவரும் நாட்களில் ஒன்றரை லீற்றர் கண்ணாடிப் போத்தலில் ஊற்று நீரைப் பிடித்து, வெளிச்சத்தில் அசையாமல் வையுங்கள். முதல் நிமிடத்தில் அடியில் விழுவது மணல். அரை மணித்தியாலத்தில் அதற்கு மேல் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு, அது வண்டல். அதன் பிறகும் மேலே தண்ணீர் பிளேன் டீ நிறத்தில் நின்றால் அது களி. மணலை ஊற்றடியிலுள்ள மணல்பொறி பிடித்துவிடும். வண்டலைப் பெரிய படிவுத்தொட்டி பிடிக்கும். களியை இரண்டும் பிடிக்காது. அதற்கு, மணல் படுக்கையூடாகத் தண்ணீரை மெதுவாக இறக்கும் மெதுமணல் வடி வேண்டும். மேலே சொன்ன 48,000 லீற்றர் என்பது மணிக்கு இரண்டு கனமீற்றர். மணல் மேற்பரப்பில் மணிக்கு 15 சென்ரிமீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்கக்கூடாது. அப்படியானால் 13 சதுர மீற்றருக்குச் சற்று மேலான பரப்பு. ஏழு ஏழு சதுர மீற்றராக இரண்டு படுக்கை. ஒன்றைத் துப்புரவு செய்யும்போது மற்றது ஓடும். ஒரே படுக்கை கட்டியவர்கள் துப்புரவை ஒத்திப்போட்டு, கடைசியில் வடியைச் சுற்றிக் குழாய் போட்டுக்கொள்வார்கள்.

துப்புரவு என்றால் மணலின் மேல் ஒன்றிரண்டு சென்ரிமீற்றரை மட்டும் தட்டையான மண்வெட்டியால் வழிப்பது. ஆழமாகக் கிளறக்கூடாது. அந்த மேற்பாசிப் படைதான் கிருமியைப் பிடிக்கிறது. அது மறுபடி வளரச் சில நாட்கள் ஆகும், புது மணல் என்றால் சில கிழமைகள். அதுவரை கொதிக்கவைத்துக் குடிக்கும்படி லயத்தில் அறிவிக்க வேண்டும். கனமழையில் தண்ணீர் சிவந்து வரும்போது ஊற்றடி வால்வை மூடிவிட்டு, தாங்கியில் இருப்பதை வைத்து அரை நாள் சமாளிப்பதே உத்தமம். செந்தண்ணீரை உள்ளே விட்டால் மூன்று மாதம் ஓட வேண்டிய மணல் ஒரே நாளில் அடைத்துவிடும். குளோரினும் கலங்கல் நீரில் வேலை செய்யாது. தெளிந்த 10,000 லீற்றருக்கு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் போட 30 வீத பிளீச்சிங் பவுடர் 33 கிராம் போதும். கடைசிக் குழாயில் 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சோதனைக் கருவி கேட்டுப் பார்க்கலாம். திறந்து ஆறு மாதமான பவுடர் பையில் வாசனை இருக்கும், வலிமை இருக்காது.

இந்த மண் எங்கிருந்து வருகிறது? ஊற்றுக்கு மேலுள்ள சரிவிலிருந்து. மேலிருந்து கீழாக வெட்டிய மரக்கறிப் பாத்தி, மீள்நடுகைக்காகப் பிடுங்கி வெறுமையான மலை, அடைபட்டுப் போன கான். கீழே உமா ஓயா கொண்டுபோகும் மண் ரந்தம்பே நீர்த்தேக்கத்தை நிரப்புவதும், ஊற்றடியில் மணல்பொறி நிரம்புவதும் ஒரே கதைதான். மானாப்புல்லை வரம்பாக நட்டு, கானைச் சமவுயரத்தில் வெட்டினால் பாதி மண் மேலேயே நின்றுவிடும். ஆனால் அந்தச் சரிவில் இருப்பவர்கள் யாருக்காக அதைச் செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வங்காளத்துக்குப் போகிறோம்.

பங்களாதேஷின் தென்மேற்கில் குல்னா, ஜசோர், சத்கிரா மாவட்டங்கள். அங்கே ஆறுகளுக்கிடையே கிடக்கும் தாழ்ந்த பள்ளநிலத்தைப் பீல் என்கிறார்கள். நம் பீலிக்கும் அதற்கும் சொல்லுறவு ஏதுமில்லை, காதுக்கு மட்டும் ஒன்றுபோல் படுகிறது. கடல் அங்கே நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏறும்போது வண்டலைச் சுமந்து வரும். பழைய காலத்தில் விவசாயிகள் உப்புநீர் ஏறும் எட்டு மாதத்துக்கு மட்டும் மண் அணை போட்டு, மழைக்காலத்தில் அதை எடுத்துவிடுவார்கள். வெள்ளம் பரவி வண்டல் வயலில் படியும். நிலம் ஆற்றோடு சேர்ந்து உயரும். 1960களில் நிரந்தரக் கரை அணைகள் வந்தன. முதலில் விளைச்சல் பெருகியது. ஆனால் வயலில் படிய வேண்டிய வண்டல் ஆற்றுப்படுகையில் படிந்தது. ஆறு உயர, வயல் தாழ்ந்தே கிடக்க, மழைநீர் வடிய வழியில்லாமல் 1980களில் ஊர்கள் மாதக்கணக்கில் நீரில் நின்றன.

1990-இல் பீல் டகாதியா மக்கள் தாங்களே அணையை வெட்டினார்கள். 1997 ஒக்டோபரில் பீல் பய்னாவிலும் வெட்டினார்கள். கலங்கிய ஏற்ற நீர் பீலுக்குள் பரவி, வேகம் தணிந்து, வண்டலை இறக்கிவிட்டு, வற்றும்போது தெளிந்து ஆற்றுக்குத் திரும்பியது. போத்தலில் அரை மணித்தியாலத்தில் பார்த்த அதே படிவு, சுமார் 600 ஹெக்டெயரில் நாளுக்கு இருமுறை நடந்தது. தெளிந்து திரும்பும் நீர் ஹரி ஆற்றின் அடியை அரித்து ஆழமாக்கியது. 2001 இறுதியில் அணையை மறுபடி மூடியபோது வெட்டுவாய்க்கு அருகில் நிலம் ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்திருந்தது. ஊரார் அறிவை அரசாங்கம் ஏற்றது. வற்றுப்பெருக்கு ஆற்று முகாமைத்துவம் என்ற பெயரில் அது திட்டமானது. பீல் கேதாரியா, அதன்பின் கிழக்கு பீல் குக்சியா என்று வரிசையாகச் செய்வதாக ஏற்பாடு.

வண்டல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. உடன்பாட்டில்தான் ஓட்டை. ஒரு பீல் திறந்திருக்கும் ஆண்டுகளில் அங்கே நெல் போட முடியாது. அந்த நட்டத்தைச் சுமப்பது அந்தப் பீலின் விவசாயி. ஆறு ஆழமாகி வெள்ளம் வடிந்த பலனைப் பெறுவதோ சுற்றியுள்ள எத்தனையோ ஊர்கள். நட்டஈடு பேசப்பட்டபோது காணி உறுதி, வாரிசுப் பத்திரம், வரி ரசீது எல்லாம் கேட்டார்கள். தாத்தா பெயரில் காணி இருப்பவர்கள் அலைந்தார்கள், விளைச்சலில் பங்குக்கு உழுபவர்களின் பெயர் பட்டியலிலேயே இல்லை. வண்டலும் சமமாகப் படியவில்லை. வெட்டுவாய்க்குப் பக்கத்து நிலம் மேடானது, தூரத்து மூலை பள்ளமாகவே கிடந்தது. அந்த மூலைக்காரர் பயிரையும் இழந்தார், மேட்டையும் பெறவில்லை. இதைக் கண்ட பீல் கபாலியா மக்கள் 2012-இல் எதிர்த்து நின்றார்கள். மோதலில் முடிந்தது, திட்டம் அங்கே தொடங்கவில்லை. குக்சியா மூடப்பட்டபின் அடுத்த பீல் தயாராக இல்லாததால் ஹரி ஆறு விரைவிலேயே மறுபடி தூர்ந்தது. மண்ணும் நீரும் ஒத்துழைத்த ஒரு முறை, நிலம் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது சேராததால் நின்றது.

இப்போது நம் ஊற்றுக்குத் திரும்புங்கள். ஈர்ப்பில் வரும் தண்ணீர் ஊற்றுக்குக் கீழேதான் இறங்கும். ஊற்றுக்கு மேலே இருக்கும் மேல்பிரிவு லயத்துக்கு ஒரு துளியும் ஏறாது. ஆனால் சங்கம் அவர்களிடம் கேட்பதைப் பாருங்கள்: இந்தச் சரிவில் மரக்கறி போடாதே, மாட்டுப்பட்டியை அந்தப் பக்கம் மாற்று, கழிவுக்குழியை மூடு, ஓடையில் துணி துவைக்காதே. எல்லாம் நியாயமான கோரிக்கை, சுகாதாரத்துக்கு அவசியமானது. கொடுப்பவர் மேல்லயம், குடிப்பவர் கீழ்லயம். கபாலியாவின் விவசாயி நின்ற அதே இடத்தில் மேல்லயத்துக் குடும்பம் நிற்கிறது. சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது, தண்ணீர் வாங்காதவர் எப்படி அங்கத்தவர் ஆவார்? ஒரு நாள் ஊற்றடி மூடி திறந்து கிடக்கும், குழாய் வெட்டப்பட்டிருக்கும். பொலிஸுக்குப் போவார்கள், பகை வளரும். இதைக் குணக்கேடு என்று பேசும் பொருளாளர்களைக் கேட்டிருக்கிறோம். அது கொடுக்கப்படாத கடன்.

மேல்லயத்துக்குத் தண்ணீர் ஏற்ற வழி இருக்கிறது. ஓடையின் சொந்த வீழ்ச்சியால் இயங்கும் நீரடிப் பம்பி, மின்சாரமோ டீசலோ வேண்டாம். நிமிடத்துக்கு 30 லீற்றர் ஐந்து மீற்றர் விழும் இடத்தில் வைத்து 40 மீற்றர் மேலே ஏற்றினால், 60 வீதத் திறனில் நிமிடத்துக்கு இரண்டேகால் லீற்றர் மேலே போகும். நாளுக்கு 3,240 லீற்றர், நாற்பது பேருக்கு ஆளுக்கு 80 லீற்றர். மிச்ச நீர் வீணாவதில்லை. பம்பியிலிருந்து வெளிவருவதைப் பிடித்துக் கீழ்த்தாங்கிக்கே விடலாம். தாங்கி பம்பிக்குக் கீழே இருந்தால் போதும். பம்பிக்கு இறங்கும் குழாய் இரும்பாகவே இருக்க வேண்டும். பிவிசி அந்த அடியைத் தாங்காது. கழிவு வால்வின் ரப்பர் தேய்ந்தால் டக், டக் என்ற சத்தத்தின் வேகம் மாறும். காற்றறையில் காற்றுக் குறைந்தால் சத்தம் உலோகத்தில் மோதுவதுபோல் கேட்கும், உடனே நிறுத்தி அறையை வடித்துக் காற்றேற்ற வேண்டும்.

பம்பி வைக்க இடமில்லாத மலைகளும் உண்டு. அங்கே மேல்லயத்துக் கழிவுக்குழியைச் சங்கத்தின் செலவில் ஒழுகாத தொட்டியாக மாற்றிக் கொடுக்கலாம். கூரைத் தண்ணீர் பிடிக்கத் தாங்கி வாங்கிக் கொடுக்கலாம். இதைவிடச் சிறந்தது, ஊற்றையும் மணல்பொறியையும் பார்க்கும் வேலையை மேல்லயத்தில் ஒருவருக்கே கொடுப்பது. ஊற்றுக்கு அருகில் இருப்பவர் அவர். மழை வலுக்கும்போது வால்வை மூட நடுஇரவிலும் போகக்கூடியவர் அவர்தான்.

அந்த வேலையைச் சம்பளமில்லாச் சிரமதானத்தில் ஓட்டலாம் என்பது பெரிய மாயை. முதல் வருடம் அறுபது பேர் வருவார்கள், மூன்றாம் வருடம் ஆறு பேர். குழாய் பார்ப்பவருக்கு மாதம் பத்துப் பேர், அதாவது பத்து நாள் சம்பளம், போடுங்கள். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்கிட்டால் 13,500 ரூபா. 90 குடும்பத்துக்குப் பிரித்தால் வீட்டுக்கு 150. அதே அளவு உதிரிப்பாகத்துக்கும் சேமிப்புக்கும். ஆக மாதம் 300 ரூபா. இதற்குக் குறைவாக அறவிடும் சங்கத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். அவர்கள் குழாயின் ஆயுளைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள். நீர்மானி வைத்து அலகுக்கு அறவிட்டால் இன்னும் நல்லது. மானி இல்லாத இடத்தில் குழாயை மூடாத ஒரு வீடு பத்து வீட்டின் தண்ணீரை எடுத்துவிடும்.

கூட்டம் வைக்கும் நேரத்தையும் கவனியுங்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் மலையில் இருக்கும்போது கூடிய கூட்டத்தில் தண்ணீரைப் பற்றி முடிவெடுத்தால் அது தண்ணீர் சுமக்காதவர்களின் முடிவு. எந்த லயத்தில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நின்றது, எந்தக் குழாயில் மண் வந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. அவர்கள் மாலை கொழுந்து நிறுத்து, வீடு வந்து, ஒரு தேத்தண்ணி குடித்தபின்னோ, ஞாயிற்றுக்கிழமையிலோ கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் சங்கம் நல்ல சங்கம்.

எங்கள் புள்ளி: கிராமத்தில் எழுத்தில் உரிமையோடு, சம்பளத்துக்கு ஆள் வைத்து நடக்கும் சங்கத்துத் தண்ணீருக்கு ஐந்தில் நான்கு தாராளமாகக் கொடுக்கலாம். செலவு குறைவு, பழுது அன்றே பார்க்கப்படுகிறது, கணக்கு கண்முன் இருக்கிறது. தோட்டத்தில் இன்றைய நிலையில் இரண்டரை. குறைத்த ஒன்றரையில் அரை, வாய்வார்த்தை அனுமதிக்கு. மிகுதி ஒன்று மேல்லயத்துக்கு. எந்தச் சங்கமாவது பம்பி வைத்தோ, ஆள் வைத்தோ, கழிவுக்குழி கட்டிக் கொடுத்தோ அவர்களைப் பட்டியலில் சேர்த்திருந்தால் அந்த ஒன்றைத் தயங்காமல் கூட்டிக்கொள்ளுங்கள். சேரப்போகிறவர்கள் அங்கத்துவப் படிவத்தை வாங்குமுன் ஊற்றடிவரை நடந்துபோய், அதைத் தாண்டி இன்னும் இருநூறு அடி ஏறி, அங்கே இருக்கும் முதல் காம்பராவில் கேட்டுப்பாருங்கள்: அக்கா, உங்களுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?